வெள்ளம் என்றால் தண்ணீர்

1

மட்டாஞ்சேரியில் வாழ்வதைப் புலம்பெயர்ந்த வாழ்க்கை என்று நான் சொன்னால் போடியில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். கனடா, சிங்கப்பூர் என்றால் சரி, மலையேறி இறங்கினால் வந்துவிடும் கேரளா ஒரு வெளிநாடா என்பது அவர்கள் கேள்வி. அவர்களில் யாரும் இங்கே ரேஷன் கார்டு எடுக்கப் போனதில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி, "வீட்டுப்பேர் எந்தா?" என்று கேட்டார். மலையாளிகளுக்குக் குடும்பத்துக்கு ஒரு வீட்டுப்பெயர் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. எந்த ஊரில் வீடு என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "போடி" என்றேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்றிருந்த என் கணவர் பாய்ந்து வந்து, அது ஊர்ப்பெயர், போடிநாயக்கனூர், தேனிக்குப் பக்கம் என்று மலையாளத்தில் விளக்கி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். வெளியே வந்ததும் ரோட்டிலேயே நின்று சிரித்தார்.

"ஏ புள்ள, கவர்மெண்ட் ஆபீசரப் பாத்து போடின்னு சொன்ன மொத ஆளு நீதான்."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் ஏ புள்ளதான். போன வருடம் இதே மாதத்தில் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் நின்றுபோனது. நேற்று ஆஸ்பத்திரியில் கடைசிப் பரிசோதனை முடிந்தது. ஒரு வருடம் எப்படிப் போயிற்று என்று போடியில் கேட்பவர்களுக்கெல்லாம் போனில் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

2

என் கணவர் செல்வராஜ், பஜார் ரோட்டில் ஒரு மிளகு, சுக்கு கிடங்கில் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு போடி, விருதுநகர் வியாபாரிகளுக்குச் சரக்குப் பார்த்து வாங்கிக்கொடுக்கும் தரகுத் தொழிலைத் தனியாகவே நடத்தினார். சுமை இறக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், கிடங்கு முதலாளிகள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மலையாளம். வீட்டுக்குள் கால் வைத்தால் தமிழ். இது அவர் போட்ட சட்டம். எங்கள் மகள் கயல்விழி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அச்சா, ஒரு தோச கூடி" என்பாள். அவர் காதில் விழாத மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "அப்பா, இன்னொரு தோசை" என்று வந்த பிறகுதான் தோசை அவள் தட்டுக்குப் போகும்.

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மலையாளம் கற்றுக்கொள்ளாமலே இத்தனை வருடம் ஓட்டினேன். மட்டாஞ்சேரியில் அது முடியும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கொங்கணி, ஒரு வீட்டில் குஜராத்தி, மூன்றாவது வீட்டில் உருது. எல்லோருமே ஏதோ ஒரு அரைகுறை மொழியில்தான் மீன்காரரிடம் பேரம் பேசுகிறோம். என் அரைகுறை மட்டும் தனியாகத் தெரியாது.

அன்று காலை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, அது யாருடைய கையோ என்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. "என்னங்க" என்றேன். ஏதோ சொன்னார். அது எந்த மொழியும் இல்லை.

பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாளின் மகன் ஆட்டோ பிடித்து வந்தான். தோப்பும்படி பாலத்தைத் தாண்டி எர்ணாகுளம் போகும் வரை அவர் தலை என் தோளில் கிடந்தது. அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டு, எப்போது தொடங்கியது, கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூளைக்கு ரத்தம் போகும் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, ஆனால் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் ஆயிற்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மலையாளமும் போய்விட்டது.

"ராவுல நல்லாத்தான் தூங்குனாரு டாக்டர். காலையில காப்பி குடிக்கறப்பதான்" என்றேன்.

டாக்டர் முகம் சுருங்கியது. மலையாளத்தில் ராவிலெ என்றால் காலை. காலையில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. "காலிலோ? கைக்கல்லே பிரச்னம்?" என்றார், பிரச்சினை கையில்தானே என்று. காலில் என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டார். நான் காலை, காலை என்று கத்தினேன். அவர் என் கணவரின் காலைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் அடியில் போய் நின்று, ஏழரை மணி வரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, காப்பி குடிப்பது போல நடித்து, கையிலிருந்து டம்ளர் விழுவது போலவும் நடித்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். டாக்டருக்குப் புரிந்தது. நேரம் இருந்தது. ஊசி போட்டார்கள்.

3

கை ஒரு வாரத்தில் அசையத் தொடங்கியது. கால் அதற்கு முன்பே வந்துவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, நான் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"வெள்ளம்" என்றார்.

இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். அது எனக்குத் தெரியாதா? ஓடிப்போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். என்னை ஏதோ நர்ஸ் என்று நினைத்துக் கேட்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். குடித்து முடித்து என்னைப் பார்த்து, மிகவும் கஷ்டப்பட்டு, "மல்லிகே... மதி" என்றார். மல்லிகா என் பெயர்; மதி என்றால் போதும்.

"தண்ணின்னு சொல்லுங்க" என்றேன். "போதும் புள்ளன்னு சொல்லுங்க."

அவர் முயன்றார். "த... த..." என்று உதடு திணறியது. நான் சொல்வதெல்லாம் புரிந்தது. தமிழில் எதைக் கேட்டாலும் தலையாட்டினார். வாயைத் திறந்தால் மட்டும் உடைந்த மலையாளம் வந்தது. அது அவருக்கே திகைப்பாக இருந்தது. ஒரு கட்டத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு இப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொன்னார். சிலருக்கு இரண்டும் சேர்ந்து திரும்பும், சிலருக்கு ஒன்றுதான் முதலில் வரும், அது தாய்மொழியாகத்தான் இருக்கும் என்றில்லை, தினமும் அதிகம் புழங்கிய மொழியாகவும் இருக்கலாம். ஆலுவாவில் குடியிருக்கும் கயல் வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் பேசினாள். அவர் முகம் தெளிந்தது. ஒரு வார்த்தை அவர் சொல்ல, மீதியை அவள் எடுத்துக்கொடுக்க, இருவரும் ஏதோ ஒரு பழைய ஓணம் கதைக்குச் சிரித்தார்கள். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. போடியை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. போடி அவர் பேச்சில் என்னோடு குடியிருந்திருக்கிறது. "அங்கிட்டு வை" என்பார். "வெள்ளன எந்திரி, மார்க்கெட்டுக்குப் போகணும்" என்பார். கோபம் வந்தால், "என்னத்தையாச்சும் பண்ணித் தொலை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறை வரை நடந்துவிட்டு வருவார். ஊரில் மூன்றாந்தல் முக்கு டீக்கடைப் பேச்சு, ஏலக்காய் கமிஷன் கடையில் அவர் அப்பா பேசிய பேச்சு, எல்லாம் அதில் கேட்கும். அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை காலம் எனக்கு ஊர் ஏக்கம் பெரிதாக வரவில்லை போலிருக்கிறது. இப்போது வந்தது. சொந்த வீட்டில், அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வந்தது.

4

போடியிலிருந்து அவர் அண்ணன் குமரேசன் வீடியோவில் கூப்பிட்டார். இவர் திரையைப் பார்த்ததும் கண் கலங்கி, "சேட்டா... சுகமாணோ" என்றார்.

"என்னடா, எங்கிட்டயே மலையாளத்துல பேசுற?" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், "ஏம்மா, இவன் வேணுமின்னே பண்ணுறானா?" என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே மூணாறு வழியாக பஸ் பிடித்து வந்து இறங்கினார். பையில் தேனும் கொய்யாவும், கூடவே மந்திரித்த ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன. ஊரில் யாரோ, மலையாளத்தான் எவனோ மருந்து வைத்துவிட்டான், மொழியைக் கட்டிவிட்டான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி நடுரோட்டில் நசுக்கினார். முடிந்ததும் என் கணவர், "கழிஞ்ஞோ?" என்று கேட்டார். முடிந்ததா என்று அர்த்தம். அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது.

இருந்த நாட்களில் அண்ணன் தமிழில் பேசினார், தம்பி மலையாளத்தில் பதில் சொன்னார், நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு நடுவே, மலையாளம் தெரியாது என்று பெயரெடுத்த நான். கிளம்பும் அன்று அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவனை ஊருக்குக் கூட்டிட்டு வந்திரு மல்லிகா. அங்க நாலு பேரு தமிழ்ல பேசுனா வந்திரும்" என்றார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. பரணில் கிடந்த பெட்டியைக்கூட இறக்கி வைத்துவிட்டேன்.

5

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அந்த ஆராய்ச்சி பற்றிச் சொன்னார்கள். பக்கவாதம் வந்து பேச்சுப் பாதித்த, இரண்டு மொழி பேசும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். ஒரு மொழியில் மட்டும் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் இன்னொரு மொழியும் சேர்ந்து மேலேறுமா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். பயிற்சி கொடுத்தவள் நிமிஷா, பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பெண். அவள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம், எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் உடனே சரி என்றேன். தமிழில் பயிற்சி கிடைக்கப்போகிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

எந்த மொழி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுத்தது. மலையாளம் வந்தது.

"எனக்கு வேண்டாம்" என்றேன். "அதுதான் தன்னால வருதே. வராததுக்கு வைத்தியம் பாக்க மாட்டீங்களா?"

"சேச்சி, நான் மாத்தினா அது ஆராய்ச்சியே ஆகாது" என்றாள் நிமிஷா. "இஷ்டமானவங்களுக்கு இஷ்டமான பாஷை கொடுத்தா, எது எதனால நடந்ததுன்னு யாருக்கும் தெரியாம போகும். வேண்டான்னா இப்பவே நிறுத்திக்கலாம். சாதாரண சிகிச்சை அது பாட்டுக்கு நடக்கும். ஒருத்தரும் உங்களக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"என் புருஷன் எங்கிட்ட பேசணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். எங்கிட்ட."

"அவரு உங்ககிட்ட பேசறாரே சேச்சி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன். பெட்டி இறக்கி வைத்திருக்கிறேன், நாளைக்கே போடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். நிமிஷா, பேச்சு வராதவர்களிடம் சம்மதம் கேட்க வைத்திருக்கும் பட அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி செய்கிற படம், மறுபக்கம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிற படம். இரண்டையும் பொறுமையாக இரண்டு மொழியிலும் விளக்கினாள். முடிவு அவருடையது என்று என்னிடம் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, சரியாக வராத அந்த வலது கையையே தூக்கி, நாற்காலிப் படத்தின் மேல் வைத்தார். "இவிடெ" என்றார். இங்கே.

திரும்பும்போது படகில் நான் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஊரா, மட்டாஞ்சேரியா என்று எங்களுக்குள் எத்தனையோ தடவை சண்டை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், கொஞ்ச நாள் கழித்துப் போடிக்கே போய்விடலாம் என்று அவர் சமாதானம் சொல்வார். இந்தத் தடவை அப்படிச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்பது எனக்கு அந்தப் படகில்தான் தெரிந்தது. பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன்.

6

ஆஸ்பத்திரியில் பயிற்சி நடக்காத நாட்களில் வீட்டில் யாராவது அவரோடு உட்கார வேண்டும். படங்களைக் காட்டி, பெயர் சொல்ல வைத்து, அதை வைத்து ஒரு வாக்கியம் பேச வைக்க வேண்டும், மலையாளத்தில் மட்டும். கயலுக்குக் காக்கநாட்டில் வேலை, சனி ஞாயிறுதான் வர முடியும். மற்ற நாட்களுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

பி.ஏ. தமிழ் படித்தவள், ஐம்பத்தைந்து வயதில், கணவர் முன்னால் துடைப்பம் படத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். இங்கே துடைப்பத்துக்குச் சூல் என்று பெயர். நமக்குச் சூல் என்றால் கர்ப்பம். "இது சூல். இவள் சூல் கொண்டு..." என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் போக முடியாமல் சிரித்துவிட்டேன். அவர் என்ன என்பது போலப் பார்த்தார். நான் வயிற்றைத் தள்ளி, மேலே கையை வைத்துக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து என் முன்னால் பூட்டியே கிடந்த சிரிப்பு, ஒரு பக்கம் லேசாகக் கோணிய வாயோடு, அடக்க முடியாமல் வந்தது.

அதற்குப் பிறகு பாடம் தலைகீழாக மாறியது. நான் தப்பாகச் சொல்வேன், அவர் திருத்துவார். என் உச்சரிப்பைத் தாங்க முடியாமல், "அல்ல, அல்ல" என்று கையை ஆட்டி, வார்த்தையை நெஞ்சுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வருவார். நிமிஷா கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். "அது நல்லதுதான் சேச்சி" என்றாள். மரம், கண், சோறு மாதிரி இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கிற வார்த்தைகளை அவள் நிறையச் சேர்த்தாள்.

கயல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீங்க மலையாளம் பேசுறது கேக்க எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள்.

"கேலி பண்ணுறியா?"

"இல்லம்மா. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு நீங்க வந்தா, டீச்சர்கிட்ட பேசாம நிப்பீங்க. எனக்கு நாணமா இருக்கும். நீங்க பேசினா நல்லாயிருக்குமேன்னு தோணும்." பிறகு, "இப்ப எனக்குத் தமிழ் படிப்பிச்சுத் தர்றீங்களா? எழுத்து மறந்துபோச்சு" என்றாள்.

அப்பா மலையாளத்தில் கிடைத்துவிட்டார், அம்மா மட்டும் தமிழில் தனியாக நிற்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டோம். அவளுக்கு ணகரமும் னகரமும் இன்னும் குழம்புகிறது.

மழைக்காலம் பாதி போயிருந்தபோது ஒரு நாள், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, தூறல் விழுந்தது. அடுப்படியில் இருந்த என்னை, "மல்லிகே, துணி... துணி எடு" என்று கூப்பிட்டார். நான் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்து போட்ட பிறகுதான் யோசித்தேன். துணி இரண்டு மொழியிலும் துணிதான். எடு இரண்டிலும் எடுதான். எதில் சொன்னார்? கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அதற்கப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ் வந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், கோபத்தில் இன்னும் கொஞ்சம். பாதி வாக்கியம் வந்து, மீதி மலையாளத்தில் போய் முடியும். ஏ புள்ள மட்டும் வரவே இல்லை. நான் மல்லிகேயாகவே இருக்கிறேன். அந்தப் பெயரில் திரும்பிப் பார்க்க இப்போது பழகிவிட்டது.

7

நேற்று நடந்தது ஒரு வருடப் பரிசோதனை. எங்களுக்கு எந்த மொழியில் பயிற்சி நடந்தது என்று தெரியாத ஒருவர்தான் சோதிக்க வேண்டுமாம். அதைச் சொல்லிவிடக் கூடாது என்று நிமிஷா முதலிலேயே என்னிடம் கேட்டுக்கொண்டாள். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். மலையாளத்தில் ஒரு சுற்று, தமிழில் ஒரு சுற்று. தமிழில் அவருக்குப் பாதிக்கு மேல் வந்தது. சிலதற்குக் கண்ணை மூடி யோசித்தார், சிலதை விட்டுவிட்டார். கத்தரிக்கோல் வரவில்லை. மேகம் வந்தது. அவருக்கு வியர்த்து வழிந்தது.

வெளியே நிமிஷாவிடம், "மலையாளத்துல படிச்சதாலதான் தமிழும் வந்துதா?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளை வெச்சு சொல்ல முடியாது சேச்சி. தானா வந்திருக்கலாம், பயிற்சியில வந்திருக்கலாம், நீங்க கூட இருந்ததால வந்திருக்கலாம். எல்லாருடைய கணக்கும் முடிஞ்சாத்தான் கொஞ்சமாவது தெரியும். அப்பவும் தெரியாம போகலாம்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. குமரேசன் அண்ணனின் எலுமிச்சம்பழத்துக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருந்தன. உள்ளே கூப்பிட்டார்கள். தனியாகக் கடைக்குப் போகிறாரா, போன் எடுத்துப் பேசுகிறாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அந்தப் பெண், "வீட்டுல உங்ககிட்ட பெரும்பாலும் எந்த மொழியில பேசறாரும்மா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அன்று காலை நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் நினைவில் இருந்தது. மழை வருமா என்று பேசினோம். அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குப் போடிக்கு எந்த பஸ்ஸில் போவது என்று பேசினோம். சட்னியில் உப்புக் கூடிவிட்டதாக அவர் சொன்னார், நான் இல்லை என்றேன். என்ன பேசினோம் என்று வரிக்கு வரி சொல்லிவிடுவேன். எந்த மொழியில் என்றுதான் தெரியவில்லை.

அவர் பக்கம் திரும்பி, "காலையில எங்கிட்ட எதுல பேசுனீங்க?" என்று கேட்டேன்.

அவரும் யோசித்தார். பிறகு, பெரிய விஷயமா அது என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

"பேசி" என்றார். "போரே?"

பேசினேன் என்றால் தமிழ், சம்சாரிச்சு என்றால் மலையாளம். பேசி என்பது இரண்டுக்கும் நடுவில் அவராகக் கண்டுபிடித்த ஒன்று. போரே என்றால், போதாதா என்று அர்த்தம்.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போதும்" என்றேன் நான், அவருக்கு.